கல்லேறும் ஆர்.சி. வண்டி: கியரும் சாஃப்டும் ஆக்சிலும் உடையாமல் ஓட்டுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஆர்.சி. கிரோலர், அதாவது ரிமோட்டில் மெதுவாகக் கல்லேறும் வண்டி, வைத்திருப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் 10இல் 1 அளவு வண்டிகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம்: அக்ஸியல் எஸ்.சி.எக்ஸ்10, ட்ராக்ஸஸ் டி.ஆர்.எக்ஸ்-4, அவற்றின் சாயலில் வரும் சீன வண்டிகள். சின்ன வண்டிகளுக்கு வேறுபடுவதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

மோட்டர் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அது எப்படி 5 மி.மீ. உருக்குச் சாஃப்டை முறிக்கிறது?

முறிப்பது கியர் விகிதம். மோட்டர் 40 சுற்றுச் சுற்றினால்தான் சில்லு ஒரு சுற்று வரும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 40 மடங்கு குறைய, முறுக்கு விசை ஏறக்குறைய 40 மடங்கு கூடும். உராய்வில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். மோட்டர் அச்சில் 0.1 நியூட்டன் மீற்றர் இருந்தால் ஆக்சிலில் 4 நியூட்டன் மீற்றர் வரை போகலாம்.

ஆனால் அந்த 4 முழுவதும் சாஃப்டுக்கு வந்து சேர்வது அபூர்வம், ஏனென்றால் அதற்கு முன்பே ரயர் வழுக்கிவிடும். 2.5 கிலோ வண்டி, 110 மி.மீ. விட்டமுள்ள ரயர் என்று எடுங்கள். முழுப் பாரமும் ஒரே சில்லில் நின்று, கல்லுக்கும் ரயருக்கும் உராய்வுக் குணகம் 1 ஆக இருந்தாலும், 24.5 நியூட்டன் × 0.055 மீற்றர் = 1.35 நியூட்டன் மீற்றரில் சில்லு வழுக்கத் தொடங்கும். நடுத்தரச் சாஃப்ட் ஒன்றுக்கு இது பெரிய சுமை இல்லை.

இப்போது அதே சில்லு இரண்டு கல்லுக்கு இடையில் சிக்குகிறது. வழுக்க இடமில்லை. பெரும்பாலான கிரோலர்களில் ஆக்சில் பூட்டியிருக்கும், இடமும் வலமும் ஒன்றாகத்தான் சுழலும். திறந்த டிஃப் (இரு பக்கச் சில்லையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர்) என்றால் விசை மற்றச் சில்லுப் பக்கம் ஓடித் தப்பிவிடும். பூட்டிய ஆக்சிலில் சிக்கிய பக்கத்துச் சாஃப்டே முழு விசையையும் வாங்கும். 1.35க்குப் பதில் 4. முறிவுகளில் பெரும்பங்கு இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் நடக்கிறது: சிக்கிய சில்லு, பூட்டிய ஆக்சில், விடாமல் அழுத்தும் விரல்.

முதலில் எது உடையும்?

வண்டிக்கு வண்டி மாறும். ஆனாலும் சில்லில் இருந்து மோட்டரை நோக்கிப் பார்த்தால் வழக்கமான சந்தேகக்காரர்கள் இவர்கள்: சில்லை ஆக்சிலோடு பிணைக்கும் 12 மி.மீ. அறுகோண ஹெக்ஸுக்குள் இருக்கும் குறுக்குப் பின், முன் ஆக்சிலின் மூட்டு, ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுண்-பினியன் என்ற பற்சக்கரச் சோடி, கியர்பொக்ஸில் இருந்து ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் ட்ரைவ் சாஃப்டின் பிளாஸ்ரிக் முனை, கியர்பொக்ஸின் கடைசிப் பல், பிறகு மோட்டர் பினியனோடு கடிக்கும் ஸ்பர் கியர்.

சில்லை நெருங்க நெருங்கச் சுமை கூடும். கிரவுண்-பினியன் 30க்கு 8 பல் என்றால் விகிதம் 3.75. ஆக்சிலில் 1.35 நியூட்டன் மீற்றர் ஏறும்போது ட்ரைவ் சாஃப்டில் ஏறுவது 0.36 மட்டுமே. கனதியான வண்டியில் ட்ரைவ் சாஃப்ட் பிளாஸ்ரிக்காக இருந்தும் தாங்க, ஆக்சிலுக்குள் உருக்கு முறிவது இதனால்தான். டி.ஆர்.எக்ஸ்-4 போன்றவற்றில் இருக்கும் போர்ட்டல் ஆக்சில் இதே கணக்கில் இன்னொரு படி போகிறது: கடைசிக் குறைப்பு சில்லுக்குப் பக்கத்திலேயே நடப்பதால் அதற்கு உள்ளே இருக்கும் சாஃப்டும் கிரவுணும் குறைந்த சுமையோடு தப்பிக்கின்றன.

எல்லாவற்றையும் உருக்காக மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடுமா?

முடியாது, இடம் மாறும். சங்கிலியில் எப்போதும் ஒரு கண்ணி மெலிந்தே இருக்கும். ஆக்சில் சாஃப்டை உரமாக்கினால் கிரவுண் பல் போகும். கிரவுணை உரமாக்கினால் கியர்பொக்ஸ். வண்டியைக் குடைந்து, 20 ஸ்க்ரூ கழற்றி எடுக்கவேண்டிய இடத்துக்கு உடைவைத் தள்ளிவிட்டு அதற்குப் பணமும் கொடுக்கிறோம்.

எது உடையவேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். எங்கள் தெரிவு ஹெக்ஸ் பின், அல்லது ட்ரைவ் சாஃப்டின் முனை. இரண்டும் வெளியே இருப்பவை, மலிவானவை, கல்லின் மேல் குந்தியிருந்தபடியே ஐந்து பத்து நிமிடத்தில் மாற்றலாம். வீட்டு மின்பெட்டியில் பியூஸ் செய்யும் வேலையை இங்கே அந்தப் பின் செய்யட்டும். கொழும்பில் இருந்தோ சீனாவில் இருந்தோ பாகம் வரக் காத்திருக்கவேண்டிய நமக்கு, உள்ளே உடைவதற்கும் வெளியே உடைவதற்கும் வித்தியாசம் பல கிழமைகள்.

பிளாஸ்ரிக் அல்லது வார்ப்புக் கிரவுண்-பினியனை மட்டும் வெட்டிச் செய்த உருக்குக்கு மாற்றுவது எந்த வண்டிக்கும் தகும். மாற்றும்போது இரண்டையும் சோடியாகவே மாற்றுங்கள். தேய்ந்த கிரவுணோடு புதுப் பினியனைப் போட்டால் புதியதும் பழையதுபோலத் தேயும்.

முன் ஆக்சில் மட்டும் ஏன் அடிக்கடி முறிகிறது? பின்னுக்கு ஒன்றும் ஆவதில்லையே?

ஸ்டியரிங் திருப்பும் மூட்டு அங்கே இருப்பதால். பின் ஆக்சிலில் ஒரு நேர்க்கம்பி. முன்னே அதே விசை மூட்டைக் கடந்து கோணத்தில் போகவேண்டும். 40 பாகை திருப்பிய ஒற்றை மூட்டில், ஒரு சுற்றுக்குள் சுமை ஏறத்தாழ 30 சதவீதம் கூடும், பின் 23 சதவீதம் குறையும், திரும்பக் கூடும். நாய்எலும்பு வடிவக் கம்பி போட்ட வண்டிகளில் இன்னும் மோசம்: கோணம் கூடக்கூட உருண்டை முனை கிண்ணத்தின் விளிம்புக்கு ஏறி, விளிம்பைப் பிளந்துவிடும்.

இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, சில்லைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். எங்காவது இறுகினால், தடக்குத் தடக்கென்று வந்தால், மூட்டு தன் எல்லையைத் தாண்டிவிட்டது. ரிமோட்டில் ஸ்டியரிங் எண்ட் பொயிண்டை, அதாவது திரும்பும் எல்லையை, சில்லு ஒழுங்காகச் சுழலும் வரை குறையுங்கள். இடமும் வலமும் தனித்தனியே பாருங்கள், இரண்டும் ஒரே அளவாக இருப்பதில்லை. ரிமோட்டில் அந்த வசதி இல்லாவிட்டால் நக்கிளின் (முன் சில்லைத் தாங்கித் திரும்பும் பாகம்) நிறுத்தத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று வைத்து மறிக்கலாம். ஆனால் அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பும் சேர்வோ நிறுத்தத்தை எதிர்த்துத் தள்ளிச் சூடேறும். எண்ட் பொயிண்ட் உள்ள ரிமோட்டே நல்லது.

மறுகா ஓட்டும் பழக்கம். கடைசி வரை திருப்பியபடி திரொட்டிலை அழுத்தாதீர்கள். சில்லு சிக்கினால் ஸ்டியரிங்கைப் பாதிக்குத் திருப்பி எடுத்துவிட்டுப் பிறகு விசை கொடுங்கள்.

கிரவுண்-பினியன் 'டக் டக்' என்கிறது. சிம் (மெல்லிய இடைவளையம்) போடுவது எப்படி?

பல் பல்லின்மேல் ஏறித் தாவும் சத்தம் அது. ஒவ்வொரு 'டக்'கிலும் பல்லின் நுனி கொஞ்சம் உடைகிறது. சத்தத்தோடு இன்னும் ஒரு பற்றரி ஓட்டினால் சிம் போட ஒன்றும் மிஞ்சாது.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கோணப் பற்கள் சுமை ஏறும்போது ஒன்றையொன்று தள்ளி விலகப் பார்க்கும். கிரவுணுக்குப் பின்னால் இடைவெளி இருந்தால் அது பின்வாங்கும். பற்கள் முழு ஆழத்துக்குக் கடிக்காமல் நுனியில் கடிக்கும். ஆகவே கிரவுணின் முதுகுப் பக்கம் சிம் வைத்து அதைப் பினியனை நோக்கித் தள்ளவேண்டும்.

ஆக்சிலைத் திறந்து பழைய கிறீஸை மண்ணெண்ணெயும் பல் துலக்கும் தூரிகையும் கொண்டு எடுத்துவிடுங்கள். பெயாரிங்குகளை முதலில் பாருங்கள். விரலில் போட்டு ஆட்டும்போது உள் வளையம் தளர்ந்து ஆடினால் மாற்றுங்கள், ஏனென்றால் தேய்ந்த பெயாரிங்குக்கு எத்தனை சிம் போட்டும் பயனில்லை. குறிப்பாகப் பினியனின் பெயாரிங். சாய்வுப் பல் உள்ள கிரவுணில் முன்னே போகும்போது பினியன் ஒரு பக்கமும் பின்னே வரும்போது மறுபக்கமும் தள்ளப்படும். அங்கே முன்பின் ஆட்டம் இருந்தால் பின்னே எடுக்கும்போது மட்டும் பல் தாவும்.

அடுத்து, கிறீஸ் இல்லாமல், சிம் இல்லாமல் பூட்டி, பினியனைப் பிடித்துக்கொண்டு கிரவுணை ஆட்டிப் பாருங்கள். 0.2 மி.மீ. சிம் ஒன்றை கிரவுணின் முதுகுப் பக்கப் பெயாரிங்குக்கும் லொக்கருக்கும் (இரு பக்கச் சில்லையும் பூட்டும் பாகம்) இடையில் போடுங்கள். அளவு உங்கள் பெயாரிங்கின் உள் வளையத்தைப் பொறுத்தது. சிம் உள் வளையத்தில் மட்டும் படவேண்டும், வெளி வளையத்தில் உரசக்கூடாது. திரும்பப் பூட்டிச் சுழற்றுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொரு 0.1. எங்காவது இறுகினால் ஒரு 0.1 குறையுங்கள். விரலுக்கு மட்டும் தெரியும் மிகச் சிறிய ஆட்டம் மிஞ்சவேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கிரவுண் முழுச் சுற்று வரும்வரை பாருங்கள், மலிவான கிரவுண்கள் நடுவம் விலகியிருக்கும்.

மறுபக்கத்திலும் மிச்ச இடைவெளியைச் சிம்மால் நிரப்பினால்தான் கிரவுண் போட்ட இடத்தில் நிற்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மோட்டர் பினியனையும் ஸ்பர் கியரையும் எவ்வளவு நெருக்கமாக வைப்பது?

சி.ஆர். கொப்பித் தாள் ஒரு கீற்று வெட்டி இரண்டுக்கும் இடையில் விட்டு, மோட்டரைத் தள்ளி இறுக்கி, கியரைச் சுழற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் ஒழுங்கான மடிப்புகள் விழவேண்டும், கிழியக்கூடாது. ஸ்பரை நான்கு இடத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் இந்த அளவை வையுங்கள். தளர்வாக வைத்தால் ஸ்பர் பல் சீவிப்போகும். இறுக்கி வைத்தால் மோட்டர் சூடாகி, பெயாரிங் போகும். இரண்டில் தளர்வுதான் நம்மவர்களிடம் அதிகம்.

புதுக் கியர் வாங்கும்போது பிட்சைப் பாருங்கள், அது பல்லின் அளவு; அதையே சொல்லும் இன்னொரு அளவை மொடியூல். 32 பிட்ச் என்றால் மொடியூல் 0.794, 48 பிட்ச் என்றால் 0.529. 0.8 மொடியூலும் 32 பிட்சும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், சேர்த்தால் ஓடியும் பார்க்கும், ஆனால் சத்தம் போட்டுத் தேயும். 1 மொடியூலை 32 பிட்சோடு சேர்க்கவே முடியாது. தமியாவின் பல வண்டிகள் 0.6 மொடியூல், அவற்றுக்கு 48 பிட்ச் பினியன் சரிவராது.

ஸ்லிப்பர் கிளச்சை முழுவதும் இறுக்கிவிடலாமா?

வேண்டாம். அது இருப்பதே சிக்கிய சில்லின் விசையை விழுங்கத்தான். சொரசொரப்பான கல்லின்மேல் வண்டியின் மூக்கைச் சுவரில் முட்டவைத்துத் திரொட்டில் கொடுங்கள்: சில்லுகள் வழுக்கிச் சுழலவேண்டும், கிளச் வழுக்கக்கூடாது. பிறகு வண்டியைத் தூக்கி ஒரு முன் சில்லையும் ஒரு பின் சில்லையும் தடித்த துணியால் இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைக் கொண்டு அரைத் திரொட்டில் கொடுப்பியுங்கள்: இப்போது கிளச் வழுக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நட்டை எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பித் திருப்பி நிறுத்துங்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் வழுக்கும் அளவுக்குத் தளர்த்தினால் உராய்வுத் தட்டு மெருகேறிப்போகும், சூட்டில் பிளாஸ்ரிக் ஸ்பர் இளகும்.

டி.ஆர்.எக்ஸ்-4இல் ஸ்லிப்பருக்குப் பதிலாக ரப்பர் மெத்தை வைத்த அமைப்பு இருக்கிறது. அது அடியைத் தணிக்கும், வழுக்கி விடாது. அதை நம்பிச் சிக்கிய சில்லுக்கு விசை கொடுக்கக்கூடாது.

2 செல் பற்றரியில் இருந்து 3 செல்லுக்குப் போனால் உடையுமா?

போகலாம், மோட்டரையும் விரலையும் அதற்கேற்ப மாற்றினால். 7.4 வோல்ற்றில் இருந்து 11.1க்குப் போனால் முழுத் திரொட்டிலில் மோட்டர் நின்ற நிலையில் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றரை மடங்கு, முறுக்கு விசையும் கிட்டத்தட்ட அப்படியே. பற்றரியும் மோட்டரின் வேகத்தை ஆளும் ஸ்பீட் கொன்ட்ரோலரும் கொடுக்கும் அளவே எல்லை. அதைவிடக் கவனிக்கவேண்டியது வேகம். ஒன்றரை மடங்கு வேகத்தில் சுழலும் மோட்டருக்குள் தேங்கும் ஆற்றல் 2.25 மடங்கு. காற்றில் சுற்றிக்கொண்டிருந்த சில்லு திடீரென்று கல்லைப் பிடிக்கும் கணத்தில் அந்த ஆற்றல் முழுவதும் பற்களுக்குள்தான் போகும்.

பிரஷ் மோட்டரில் 2 செல்லுக்கு 35 அல்லது 45 சுற்று (உள்ளே கம்பி சுற்றிய எண்ணிக்கை; கூடினால் வேகம் குறையும்), 3 செல்லுக்கு 55 சுற்று என்பது பழகிய அளவு. மோட்டர் பினியனை ஒன்றிரண்டு பல் குறைத்துப் போடுவதும் உதவும், வேகம் குறைந்து கட்டுப்பாடு கூடும். ஆனால் கியரைக் குறைத்தால் சிக்கிய சில்லுக்குப் போகும் விசையும் கூடும் என்பதை மறக்கவேண்டாம். பல்லைக் குறைத்துவிட்டு இனி முறியாது என்று இருப்பது தவறு; முறியாமல் காப்பது மெதுவாக ஓட்டுவதுதான்.

ஸ்பீட் கொன்ட்ரோலரில் என்ன மாற்றவேண்டும்?

தொடக்க வேகத்தை, அதாவது பஞ்சை, குறைந்த பக்கம் வையுங்கள். ரிமோட்டில் திரொட்டில் எண்ட் பொயிண்ட் இருந்தால் புதியவர்கள் 60-70 சதவீதத்தில் தொடங்கட்டும். ஹொபிவிங் 1060 போன்ற கொன்ட்ரோலரில் முன்-பின் நேரடி மாற்றம் என்று ஒரு நிலை உண்டு, ஜம்பரை மாற்றினால் வரும். கல்லேற அது வசதிதான். ஆனால் முன்னே ஓடும் சில்லை நிற்கவிடாமல் பின்னே இழுத்தால் முழு அடியும் கிரவுணுக்கு. அந்த நிலையில் ஓட்டுபவர் விரலை நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத்தான் பின்னே எடுக்கவேண்டும்.

விரலை எடுத்ததும் தானே பிடிக்கும் டிராக் பிரேக் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தும், தேவைதான். ஓடும் வேகத்தில் விரலை எடுத்தால் 100 சதவீத டிராக் பிரேக் சில்லைத் திடீரென்று பூட்டும். சமதரையில் வேகமாக ஓட்டுவதாக இருந்தால் அதைக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள். லைப்போ பற்றரி முற்றாக வடியாமல் கொன்ட்ரோலர் நிறுத்தும் வெட்டு அளவை ஒரு செல்லுக்கு 3.2 வோல்ற்றுக்குக் கீழே விடாதீர்கள்.

கல்லில் சிக்கினால் என்ன செய்வது?

விரலை எடுங்கள். பிறகு வந்த வழியே, மெல்ல, பின்னே. வராவிட்டால் எழுந்து போய்க் கையால் தூக்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போட்டி என்றால் புள்ளி போகும், வீட்டுக்கு நடந்து போவதைவிட அது பரவாயில்லை. முன்னே பின்னே, முன்னே பின்னே என்று ஆட்டி எடுப்பதுதான் சாஃப்டுக்கு வைக்கும் நேரடி உலை. படியில் இருந்து விழும்போதும் அப்படித்தான்: சில்லுகள் காற்றில் இருக்கும்வரை திரொட்டில் வேண்டாம்.

பித்தளைப் பாரமும் பெரிய ரயரும் போட்டால்?

மேலே சொன்ன கணக்கையே திரும்பப் போடுங்கள். வண்டி 3.5 கிலோவாகி, ரயர் 120 மி.மீ. ஆகினால் வழுக்கும் எல்லை 34.3 × 0.06 = 2.06 நியூட்டன் மீற்றர். 1.35இல் இருந்து ஒன்றரை மடங்கு. அதாவது சிக்காமல் சாதாரணமாக ஏறும்போதே ஒவ்வொரு கல்லிலும் இந்தச் சுமை. பாரத்தை முன் நக்கிளிலும் சில்லுக்குள்ளும் போடுவது ஏற்றத்துக்கு உண்மையில் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பாரம் போடுகிறவர் முன் ஆக்சில் சாஃப்டையும் கிரவுணையும் முதலில் மாற்றிவிட்டுப் பாரத்தைப் போடட்டும்.

முன் சில்லு வேகமாகச் சுற்ற ஓவர்டிரைவ் கியர் போடலாமா?

கல்லிலும் மணலிலும் ஓடும் வண்டிக்குச் சரி. தார் றோட்டில் ஓட்டாதீர்கள். முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழல, பிடிமானம் உள்ள தரையில் வழுக்கித் தீர்க்க இடமில்லாமல் விசை உள்ளே முறுகித் தேங்கும்.

கிரப் ஸ்க்ரூ (கியரைச் சாஃப்டோடு இறுக்கும் சிறு ஸ்க்ரூ) கழன்றுகொண்டே இருக்கிறது.

எண்ணெய்ப் பசையைத் துடைக்காமல் லொக்டைட், அதாவது ஸ்க்ரூ கழராமல் பிடிக்கும் ஒட்டுத் திரவம், போடுவதால். ஸ்க்ரூவையும் துளையையும் ஐசோபுரொப்பில் அல்ககோலால் துடைத்து, காயவிட்டு, நீல லொக்டைட், 242 அல்லது 243, ஒரு சிறு துளி. இரவு முழுவதும் விடுங்கள். சிவப்பு வேண்டாம், கழற்றச் சூடாக்கவேண்டி வரும். பிளாஸ்ரிக்கில் பட்டால் வெடிப்பு வரலாம், உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும்.

சாஃப்டில் தட்டையான இடம் இருந்தால் ஸ்க்ரூ சரியாக அதன்மேல் விழவேண்டும். 540 அளவு மோட்டரின் அச்சு 3.17 மி.மீ.; தட்டை இல்லாவிட்டால் அரத்தால் சின்னதாக ஒன்று தேயுங்கள், உலோகத்தூள் மோட்டருக்குள் போகாமல் துணியால் மூடிக்கொண்டு. மலிவான அலன் கீ முனை வட்டமாகித் தலையைச் சாப்பிட்டுவிடும். 1.5, 2, 2.5 மி.மீ. மூன்றும் நல்லதாக வாங்குவது எந்த உருக்குக் கியரையும்விடப் பயனுள்ள செலவு.

நம் பக்கத்துக் கல்லில் தனியாக ஏதும் கவனிக்க உண்டா?

உண்டு. கிழக்கின் பாறைகள் பெரும்பாலும் நைஸ் வகை, கருங்கல் என்று நாம் சொல்வது. வெயிலிலும் மழையிலும் மேல்தோல் பொருபொருத்துச் சொரசொரப்பாக இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து கிடக்கும் அந்தக் கல்லில் மென்மையான ரயர் ஒட்டிப் பிடிக்கும். ஏற நல்லது, சாஃப்டுக்கு நல்லதில்லை: நனைந்த பாசிக்கல்லில் வழுக்கித் தப்பும் வண்டி இங்கே வழுக்காது. வெயிலில் மோட்டரும் சீக்கிரம் சூடேறும். மூன்று விநாடி விரல் வைக்க முடியாவிட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

வாழைச்சேனை, ஒலுவில் பக்கம் கடலுக்குப் போட்ட அலைதடுப்புக் கற்கள் பார்க்க ஆசையாக இருக்கும். இடுக்குகள் ஆழம், வண்டியும் போகும் காலும் போகும். அம்பாறை மாவட்டத்துப் பாறைகளில் கல்வெட்டும் பழைய குகைகளும் உள்ளவை பல. குடும்பிகல போன்ற இடங்களில் சில்லு வைக்கக்கூடாது, தொல்லியல் சின்னத்தைச் சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம். உகந்தைப் பாறை கோயிலுக்குரியது. இங்கினியாகலைப் பக்கம் என்றால் பின்னேரத்துக்கு முன் திரும்பிவிடுங்கள், யானை ரிமோட்டுக்குக் கட்டுப்படாது.

வளவிலேயே தடம் அமைப்பது எல்லாவற்றிலும் நல்லது. அத்திவாரத்துக்குப் போடும் கருங்கல் ஒரு டிராக்டர் பெட்டி போதும். அடுக்கும்போது ஒரு விடயத்தை மட்டும் பாருங்கள்: 1.9 அங்குலச் சில்லின் ரயர் அகலம் 40-45 மி.மீ. அளவில் இருக்கும். 40இல் இருந்து 60 மி.மீ. வரையான இடுக்குகள்தான் சில்லைப் பிடித்துப் பூட்டுபவை. அவற்றைச் சின்னக் கல்லும் கொங்கிறீட் கலவையும் போட்டு நிரப்பிவிடுங்கள், அல்லது 80 மி.மீ.க்கு மேல் அகட்டிவிடுங்கள். தடம் கடினமாகவே இருக்கும், உடைவு மட்டும் குறையும்.

கல்லடி, பாசிக்குடா மணலிலும் வாவிக் கரையிலும் ஓட்டியபின் என்ன செய்யவேண்டும்?

அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அடுத்த நாள் என்றால் ஹெக்ஸ் பின்னும் கிரப் ஸ்க்ரூவும் துருவேறத் தொடங்கியிருக்கும். வாவித் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது, அலை இல்லை என்று ஏமாறவேண்டாம். அழுத்தமாகப் பீய்ச்சாதீர்கள், மணலைப் பெயாரிங்குக்குள்ளேயே தள்ளிவிடும். வாளியில் முக்கி எடுத்து, தூரிகையால் தேய்த்து, உதறிக் காற்றில் காயவிட்டு, மூட்டுகளுக்கு மெல்லிய எண்ணெய்.

ஆக்சிலுக்குள் மெரைன் கிறீஸ் போடுங்கள். அவுட்போட் எஞ்சின் திருத்தும் கடை எதிலும் இருக்கும், மீன்பிடி ஊர்களில் தேடவேண்டியதே இல்லை. ஆக்சிலை முழுவதும் நிரப்பாதீர்கள்: பற்களில் நன்றாகப் பூசி, மேலே கொஞ்சம். மூட்டின் வெளிப்புறத்தில் கிறீஸ் பூசுவது கூடவே கூடாது, மணலைப் பிடித்து வைத்து சாணைக்கல் ஆக்கிவிடும்.

மணலில் ஓட்டியதற்குப் பிறகும், மாரி மழையில் சேற்றில் இறக்கியதற்குப் பிறகும் ஆக்சிலைத் திறந்து பார்ப்பது நல்லது. கிறீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, முழுவதும் மாற்றவேண்டும்.

பாகம் உடனே கிடைக்காது. எதை முன்கூட்டியே வாங்கி வைப்பது?

ஹெக்ஸ் பின் பத்து, ஹெக்ஸ் ஒரு சோடி, முன் ஆக்சில் சாஃப்ட் இரு பக்கமும், ட்ரைவ் சாஃப்ட் ஒன்று, ஸ்பர் கியர் ஒன்று, 3 மி.மீ. கிரப் ஸ்க்ரூ ஒரு கைப்பிடி, 4 மி.மீ. சில்லு நட், சிம் பெட்டி, ஆக்சில் பெயாரிங் ஒரு தொகுதி. கிரவுண்-பினியன் வீட்டில் இருந்தால் போதும், கல்லுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. பெயாரிங் அளவை உள்-வெளி-அகலம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 5×11×4, 5×10×4 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்து ஏமாற்றும்.

ஹெக்ஸ் பின் முடிந்துபோனால் ஆணியை வெட்டிப் போடாதீர்கள். மென்மையான இரும்பு, வளைந்து துளைக்குள் இறுகி, கழற்ற முடியாமல் சாஃப்டையே எறியவேண்டி வரும். 2 மி.மீ. துளைக்கும் பிட்டின் வழுவழுப்பான தண்டுப் பகுதியை 10 மி.மீ. நீளத்துக்கு அரைத்து வெட்டினால் நல்ல பின் கிடைக்கும். வெட்டுமுன் உங்கள் பின்னின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள், எல்லா வண்டிக்கும் ஒரே அளவில்லை. வெட்டும்போது கண்ணாடி போடுங்கள், தெறிக்கும். அது கடினம் என்பதால் இனி 'பியூஸ்' உங்களிடம் இல்லை என்பதையும் நினைவில் வைத்து ஓட்டுங்கள்.

லேத் கடையில் ஆக்சில் சாஃப்ட் செய்விக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நேர்க்கம்பியான பின் சாஃப்ட் செய்யலாம், சில்வர் ஸ்டீல் கம்பி கிடைத்தால். முன் மூட்டைச் செய்விக்கப் போகாதீர்கள், கூலியில் இரண்டு சோடி வாங்கலாம்.

பிள்ளைக்கு வாங்கிய சின்ன டபிள்யூ.பி.எல். வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதி. 16இல் 1 அளவு வண்டிகளில் வருபவை பிளாஸ்ரிக் பற்கள், சின்ன மோட்டர். வந்தபடியே ஓட்டினால் பெரிதாக உடையாது. அதைவிடப் பெரிய 370 அளவு மோட்டரும் பெரிய பற்றரியும் போட்டவுடன் பிளாஸ்ரிக் பல் சீவிப்போகும். மோட்டரை மாற்ற நினைத்தால் அதற்கு முன் ஆக்சில் கியர்களை உலோகமாக்குங்கள், இந்த வரிசை மாறக்கூடாது. அந்த அளவு உலோகக் கியர்களுக்குச் சிம் மிகவும் தேவை, பெட்டியில் இருந்து எடுத்தபடியே போட்டால் ஆட்டம் அதிகமாக இருக்கும்.

கல்லின் நடுவில் உடைந்துவிட்டது. வண்டியை எப்படி வெளியே எடுப்பது?

முதலில் எங்கே என்று பாருங்கள். ஒரு சில்லு மட்டும் சுற்றாவிட்டால் அந்தப் பக்கத்து ஹெக்ஸ் பின் அல்லது சாஃப்ட். முன் இரண்டும் சுற்றாவிட்டால் முன் ட்ரைவ் சாஃப்ட் அல்லது கிரவுண். ட்ரைவ் சாஃப்ட் சுற்ற, சில்லு சுற்றாமல் 'டக் டக்' என்றால் கிரவுண். மோட்டர் சத்தம் மட்டும் வந்து எதுவுமே அசையாவிட்டால் மோட்டர் பினியனின் கிரப் ஸ்க்ரூவை முதலில் பாருங்கள், பாதி நேரம் அதுதான்.

முன்பக்கம் போயிருந்தால் முன் ட்ரைவ் சாஃப்டைக் கழற்றிவிட்டுப் பின் இரு சில்லில் மெதுவாக ஓட்டி வரலாம். முறிந்த ஆக்சில் சாஃப்டின் துண்டை உள்ளே விட்டு ஓட்டாதீர்கள், கிரவுணுக்குள் போனால் ஆக்சிலின் கூட்டையும் பிளக்கும். நக்கிளைக் கழற்றித் துண்டை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். கியர்பொக்ஸுக்குள் அரைபடும் சத்தம் கேட்டால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்தி, பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத் தூக்கி வாருங்கள்.